அக்காவின் கலியாணமும் என் சிவப்புக் கோடும்

புதிதாக எதையாவது படித்துவிட்டு வருபவனைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள் விடக்கூடாது. தையல் படித்தவள் நல்ல யன்னல் சீலையை வெட்டிப் பார்ப்பாள். இரத்த அழுத்தம் அளக்கப் பழகியவன், தபால் கொண்டுவந்த மனுசனையும் கதிரையில் இருத்திக் கையைச் சுற்றிக் கட்டிவிடுவான். அதெல்லாம் பரவாயில்லை. சீலை போனால் இன்னொரு சீலை வாங்கலாம். நான் படித்துக்கொண்டு வந்தது செயற்றிட்ட முகாமைத்துவம். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் நடக்கவிருந்தது அக்காவின் கலியாணம்.

அப்போது நான் கொழும்பில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். பெரிய வேலை என்று நினைக்கவேண்டாம். மதகு கட்டுகிற இடத்தில் சீமெந்துப் பைகளுக்குக் காவல் நிற்பதுதான் என் உத்தியோகத்தின் சாரம். பின்னேரங்களில் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கேதான் வலையமைப்பு வரைபடம் என்ற சாமான் எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து எனக்குப் பிடித்த விசர் இலேசில் தெளியவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி கீறவேண்டும். எது முடிந்த பிறகு எதைத் தொடங்கலாம் என்று பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போடவேண்டும். அத்திவாரம் முடியாமல் சுவர் இல்லை, சுவர் முடியாமல் கூரை இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகிற வழிகளில் எது மிக நீளமானதோ அதைச் சிவப்பால் கீறவேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டில் உள்ள எந்த வேலை பிந்தினாலும் முழு வேலையும் பிந்தும். கோட்டுக்கு வெளியே இருக்கிற வேலைகள் கொஞ்சம் பிந்தினாலும் குடி முழுகாது. அந்த இடைவெளிக்கு ‘மிதவை’ என்று பெயர். (சிவப்புக் கோட்டுக்கு எங்கள் பாடக்குறிப்பில் ‘அவதிப் பாதை’ என்று தமிழ் கொடுத்திருந்தார்கள். அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும்.)

எங்கள் வீடு நயினாதீவில். மாப்பிள்ளை வீடு சரவணையில். கலியாணம் எங்கள் முற்றத்துப் பந்தலில். மாப்பிள்ளை பகுதி சரவணையிலிருந்து வான் வண்டியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகேறிக் கடலைத் தாண்டி எங்கள் தீவுக்கு வரவேண்டும். மேளம் அப்படித்தான் வரவேண்டும். யாழ்ப்பாணத்துப் பூவும் அப்படித்தான் வரவேண்டும். இத்தனையையும் ஒரு வரைபடம் இல்லாமல் எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று நான் வீட்டில் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன்.

அம்மா குசினிக்குள் இருந்தே கேட்டார்: “என்ர கலியாணத்துக்கும் இந்தக் கடல் இருந்ததுதானே? அப்ப ஆர் கீறிப் பாத்தது?”

“அதாலதான் உங்கட கலியாணத்தில சாப்பாடு பிந்தினதெண்டு அப்பா இப்பவும் சொல்லுறார்” என்றேன். அப்பா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சம்மதிக்கிறதாக இல்லை. அப்போதுதான் அக்கா எழும்பி வந்தாள். மாலதி அக்கா அதிகம் கதைக்கிறவள் இல்லை. கதைத்தால் அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

“தம்பி ஆசையாக் கேக்கிறான். செய்யட்டும் அம்மா. என்ர கலியாணம்தானே, பிழைச்சா நான் பொறுப்பு.”

அந்த ஒரு சொல்லால் வீடு முழுக்க என் கைக்குள் வந்தது. அக்கா என்னை நம்பிக் கலியாணத்தையே தருகிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. பிழைத்தால் அவள்தான் ஊருக்கு முன்னால் நிற்கவேண்டிவரும் என்பது விளங்கவில்லை. இருபத்தாறு வயதில் எனக்கு விளங்காமல் போனவற்றில் இதுவும் ஒன்று.

நாலு பிறிஸ்டல் மட்டைகளை ஒட்டி விறாந்தைச் சுவர் முழுக்க வரைபடத்தைக் கீறினேன். நான் ‘சார்ட்’ என்று சொன்னது வீட்டார் வாயில் ‘சாட்’ ஆனது. பெட்டிகள், அம்புக்குறிகள், பெட்டிக்குள் வேலையின் பெயர், அதற்குப் பொறுப்பானவரின் பெயர். நடுவால் ஒரு சிவப்புக் கோடு. தூர நின்று பார்த்தால் ஏதோ மின்சார நிலையத்தின் படம் போல இருந்தது. நான் அடிக்கடி தூர நின்று பார்த்தேன்.

வில்லங்கம் பெரிய மாமாவோடு தொடங்கியது. பெரிய மாமா அம்மாவின் தமையன். எங்கள் பகுதியில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் வெற்றிலை அவருக்குத்தான். அவர் சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்று தன் பெயரைத் தேடினார். வலது மூலையில், கறுப்புப் பெட்டிக்குள், ‘வாழைமரம் கட்டுதல்’ என்பதற்குக் கீழே இருந்தது.

“உந்தச் சிவப்பு என்ன?”

“அது முக்கியமான வேலையள், மாமா. அதில ஒண்டு பிந்தினாலும் கலியாணம் பிந்தும்.”

“அப்ப நான்?”

“உங்களுக்கு மிதவை இருக்கு, மாமா. நல்ல விஷயம். நீங்கள் ஆறுதலாச் செய்யலாம். பிந்தினாலும் ஒண்டும் நடக்காது.”

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். அது நல்ல சகுனம் அல்ல.

“அப்ப நான் பிந்தினாலும் கலியாணம் நடக்கும்.”

“ஓம், மாமா.”

“நான் வராட்டிலும் நடக்கும்.”

“அப்பிடியில்லை, மாமா...”

“நீதான் கீறி வைச்சிருக்கிறாய். தாய்மாமன் இருந்தாலும் ஒண்டு, இல்லாட்டிலும் ஒண்டு. பெரிய படிப்புத்தான்.” மாமா படலையைத் தாண்டிவிட்டார்.

அம்மா அகப்பையோடு வெளியே வந்தார். அம்மா அகப்பையோடு வந்தால் அது பேச்சுவார்த்தை இல்லை. அன்று பின்னேரமே மாமாவைச் சிவப்புக் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். வாழைமரம் கட்டி முடியாமல் ஐயர் ஓமகுண்டம் அடுக்கத் தொடங்க ஏலாது என்று ஒரு புது அம்புக்குறி போட்டேன். (ஏன் ஏலாது என்று ஐயர்கூடக் கேட்கவில்லை. பாவம், நல்ல மனுசன்.) மாமா திரும்பி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் சிவப்பைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

செய்தி தீவு முழுக்கப் பரவியது. அடுத்த நாள் சித்தி வந்தார். பலகாரச் சூடு முக்கியமில்லையோ என்று கேட்டார். பிறகு பெரியம்மா, அவர் ஆலாத்தி எடுப்பவர், அவருக்குக் கறுப்புப் பெட்டியாம். பிறகு பந்தல் போடுகிறவர். “எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி, மனிசி கேட்டவ” என்று ஒரு சாக்குச் சொன்னார். எல்லாரையும் சிவப்பாக்கினேன். ஒரு கிழமைக்குள் சுவரில் கறுப்பைத் தேடவேண்டியிருந்தது. அப்பா ஒரு நாள் பேப்பரோடு வந்து பார்த்துவிட்டு, “சுவருக்குச் சின்னமுத்து வந்திருக்கு, உடம்பெல்லாம் சிவப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் சிவப்பு என்றால் ஒருவருக்கும் மிதவை இல்லை என்று அர்த்தம். ஒருவர் தும்மினாலும் கலியாணம் ஆடும். அது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளுக்கு மாமா கிடையாது.

இதற்கிடையில் இடம் போதவில்லை. மாமாவின் அம்புக்குறியை ஐயரின் பெட்டிக்குக் கொண்டுபோக வழியில் ஒரு சின்னப் பெட்டி மறித்துக்கொண்டு நின்றது. அதில் இருந்தது என்னுடைய வேலை ஒன்று. என்னுடையதுதானே, எனக்கு ஞாபகம் இருக்கும், சுவரில் எழுதி ஒட்டவேண்டுமா என்ன என்று நினைத்து அதை அழித்தேன். சுத்தமாக அழித்தேன். அந்த இடத்தால் மாமாவின் கோடு வடிவாகப் போயிற்று.

கலியாண நாள் விடிந்தது. நான் சாறத்தோடும் பெனியனோடும் கையில் போனோடும் விறாந்தையில் நின்றேன். ஒவ்வொருவரும் தங்கள் வேலை முடிந்ததும் வட்ஸ்அப்பில் ‘முடிந்தது’ என்று அனுப்பவேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்தவர் தொடங்கலாம் என்பது என் சட்டம். அன்று எங்கள் உறவுக்காரர் காட்டிய ஒழுங்கை நான் பிறகு எந்த வேலைத்தளத்திலும் கண்டதில்லை. பூ கொண்டுவந்த பெடியன் நேரத்தோடு வந்துவிட்டான். “பந்தல் சீலை முடியாமல் பூ உள்ள வர ஏலாது, சாட்டில அப்பிடித்தான் கிடக்கு” என்று சித்தி அவனைப் படலையில் மறித்து வைத்திருந்தார். மாமா வாழைமரம் இரண்டையும் கட்டி முடித்து, ஐயரைப் பார்த்து, “இப்ப நீங்கள் தொடங்கலாம்” என்று உத்தரவு கொடுத்தார். பிறகு கதிரையைப் போட்டு வாழைமரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டாயிற்று. ஒன்றே ஒன்று மிச்சம்: ‘மாப்பிள்ளை புறப்படல்’. முகூர்த்தம் பதினொரு மணியோடு முடிகிறது. மாப்பிள்ளையை ஏற்ற நாங்கள் பிடித்த படகு அதிகாலையே குறிகட்டுவானுக்குப் போய் நிற்கிறது. வானும் வாசலில் நிற்கும். இனி வெளிக்கிடவேண்டியதுதானே? நான் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். எடுத்தவன் சும்மா எடுக்காமல், என் நிர்வாகத்தைச் சபை கேட்கட்டும் என்று போனின் ஒலிபெருக்கியில் போட்டேன். விறாந்தை நிறையச் சனம்.

“பெரியப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையே?”

“நாங்கள் விடியவே வெளிக்கிட்டு நிக்கிறம், தம்பி. மாப்பிளை தலைப்பாவோட கதிரையில இருக்கிறார். ஆள் வரவேணுமே?”

“என்ன ஆள்?”

“கூட்டிக்கொண்டு போற ஆள். உங்கட பக்கத்தால வரவேணும். வந்து கூப்பிடாமல் மாப்பிளை படி இறங்கக்கூடாதெல்லே?”

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. இவ்வளவு திட்டம் போட்டும், எவனோ ஒருவன் காலை வாரிவிட்டான். சபைக்கு முன்னால் விட்டுக்கொடுக்க ஏலுமா?

“பெரியப்பா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு வேலை குடுத்தா அதை ஒழுங்காச் செய்யத் தெரியாத கழுதையளை நம்பினா இப்பிடித்தான். கலியாண வீடெண்டு ஒரு பொறுப்பு வேண்டாமே? ஆர் அந்த ஆள்? பேரை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

மற்றப் பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது.

“தம்பி, பொம்பிளையின்ர கூடப்பிறந்த தம்பி தோழனா வந்து கூட்டிக்கொண்டு போறதுதானே வழமை. அவருக்குப் பேர் ரூபன் எண்டு நினைக்கிறன்.”

ரூபன் நான்தான்.

எனக்குத் தெரியாமல் இல்லை. நான்தான் தோழன் என்று தெரியும். மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, பந்தல் வாசலில் அவருடைய காலைக் கழுவ, அவர் என் விரலில் மோதிரம் போடுவார் என்றும் தெரியும். (விரல் அளவுகூடக் கொடுத்திருந்தேன்.) ஆனால் அந்தக் காலையில் என் மூளை தலைக்குள் இல்லை, சுவரில் ஒட்டியிருந்தது. சுவரில் இல்லாத வேலை உலகத்திலேயே இல்லை என்று அது முடிவெடுத்துவிட்டது. மாமாவின் கோட்டுக்காக நான் சுத்தமாக அழித்த பெட்டி இதுதான்.

விறாந்தையில் இருந்த சனம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமா வாழைமரத்தடியிலிருந்து மெதுவாகச் சொன்னார்: “பேரைச் சொல்லிப்போட்டார். மிச்சத்தைப் பார்.”

அம்மா என் பெனியனைப் பிடித்து உள்ளே இழுத்தார். பட்டு வேட்டி, சால்வை, தலைப்பா எல்லாம் என் தலையிலும் தோளிலும் வந்து விழுந்தன. எங்கள் பகுதியில் தோழனுக்கும் தலைப்பா உண்டு. வேட்டியை உடுத்தினார்களா சுற்றினார்களா தெரியாது. “இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர பிள்ளையின்ர மானத்தை...” என்று அம்மா தொடங்கினார். அறைக்குள் அலங்காரத்தோடு அசைய முடியாமல் இருந்த அக்காவின் குரல் கதவுக்குள்ளால் வந்தது.

“அம்மா, பிறகு ஏசுங்கோ. இப்ப அவன் ஓடட்டும்.”

அக்கா அழுதால் கண்மை கரையும் என்று அவளோடு இருந்த பெண்கள் ஆளுக்காள் சத்தம்போட்டு விசிறினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் ஓடினேன். பலகாரமும் வாழைப்பழச் சீப்பும் தேங்காயும் வெற்றிலையும் அடுக்கிய தட்டம் கையில், தலையில் தலைப்பா, காலில் ஒன்றுமில்லை. செருப்பு எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை.

இறங்குதுறையில் எங்கள் படகு இல்லை. ஒரே படகு போதும் என்று கணக்குப் போட்டு அதைக் குறிகட்டுவானில் நிறுத்தி வைத்த கெட்டிக்காரனும் நான்தான். யோகண்ணையின் படகு மட்டும் புறப்பட நின்றது. தெற்கிலிருந்து எங்கள் தீவின் புத்த விகாரைக்கு வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற யாத்திரிகர்கள், வெள்ளை வெள்ளையாக, படகு நிறைய இருந்தார்கள். யோகண்ணை எங்கள் ஒழுங்கைக்காரர், இரண்டு வீடு தள்ளி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா, மாப்பிளை மாதிரி நிக்கிறாய்?”

“யோகண்ணை, கெதியா விடுங்கோ. பிறகு சொல்லுறன்.”

யாத்திரிகர்கள் தள்ளி இடம் தந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் தலைப்பாவையும் தட்டத்தையும் பார்த்துச் சிரித்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் சிங்களம் சீமெந்துப் பை எண்ணுகிற அளவுக்கு மட்டும் போதுமானது. கலியாணமா என்று கேட்கிறார் என்று மட்டும் விளங்கியது. ஓம் என்று தலையாட்டினேன். எப்போது என்று கேட்டார். இன்றைக்கு, இப்போது என்றேன். பெண் எங்கே என்று கேட்டார். நான் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினேன். அங்கே நயினாதீவு எங்களை விட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சிங்கள அம்மாவின் முகம் மாறியது. என் வெறுங்காலைப் பார்த்தார். அரைகுறையாகச் சுற்றியிருந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோகண்ணையிடம் சத்தமாக ஏதோ கேட்டார். நல்ல சிங்களம் தெரிந்த யோகண்ணை ஒரு சொல்லில் எல்லாவற்றையும் தெளிவாக்கியிருக்கலாம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நாலு வசனம் சொன்னார். படகு முழுக்க ‘அனே’ என்று இரங்கியது. அவர் சொன்னது என்ன என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது: “பயத்தில ஓடுறார். நல்ல பொம்பிளை. நீங்கள் ஒருக்காப் புத்தி சொல்லுங்கோ.”

கரை சேரும் வரைக்கும் புத்தி சொன்னார்கள். ஒரு ஐயா தன் மனைவியைச் சுட்டிக்காட்டி, தன்னையும் சுட்டிக்காட்டி, நெஞ்சில் கைவைத்து, பயப்பட ஒன்றுமில்லை என்பது போல ஏதோ விளக்கினார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மா, பெடியன் பசியில்தான் இப்படி நடுங்குகிறான் என்று தீர்மானித்து, என் தட்டத்திலிருந்தே ஒரு வாழைப்பழத்தை முறித்து உரித்து என் வாய்க்குள் வைத்தார். நான் சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

நடுக்கடலில் போன் அடித்தது. அத்தான், அதாவது மாப்பிள்ளை.

“மச்சான், எங்க நிக்கிறீர்?”

“கடலில, அத்தான். வந்துகொண்டிருக்கிறன்.” வாய்க்குள் வாழைப்பழம்.

“நீர் சரவணை வரைக்கும் வந்தா முகூர்த்தம் போயிடும். நாங்கள் குறிகட்டுவானுக்கு வாறம்.”

“நான் வந்து கூப்பிடாமல் படி இறங்கக்கூடாதெண்டு பெரியப்பா...”

“பெரியப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார். நீர் வாரும்.”

பெரியப்பாவின் வழியை இறங்குதுறையில் கண்டேன். மாப்பிள்ளை வான் வந்து நின்றது. கதவு பூட்டியிருந்தது. அதற்குள் குத்துவிளக்கு, நிறைகுடம் (வரும் வழியிலுள்ள பாலத்துக் குன்று குழியில் அது அரைக்குடமாகியிருந்தது), அத்தான், அத்தானின் அம்மா, எல்லாரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். வாசலில் வானை முட்டக் கொண்டுவந்து நிறுத்தி, மாப்பிள்ளையை நிலத்தில் கால் படாமல் உள்ளே ஏற்றியிருந்தார்கள். வானை விட்டு இறங்காதவரைக்கும் வீட்டை விட்டு இறங்காத கணக்கு என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

நான் வான் கதவில் தட்டினேன். கண்ணாடி இறங்கியது. பெரியப்பாவின் முகம் தெரிந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

“ஆர்?” என்று கேட்டார்.

“நான்தான், பெரியப்பா.”

“நான்தானெண்டா?”

“பொம்பிளையின்ர தம்பி ரூபன். மாப்பிளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.”

“ஏன் பிந்தினது?”

பின்னால் யாத்திரிகர்கள், பேருந்துச் சாரதிகள், மீன் வாங்க வந்தவர்கள் என்று ஒரு சபையே கூடிவிட்டது. பொய் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை.

“சாட்டில இல்லாமல் போட்டுது, பெரியப்பா.”

அத்தான் மற்றப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. பெரியப்பா சிரிக்கவில்லை. தட்டத்தை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

“சீப்பில ஒரு பழம் குறையுதே?”

“அது... நான் சாப்பிட்டனான்.”

பெரியப்பா உள்ளே திரும்பி, “தோழன் சாப்பிட்டு ஆறுதலாத்தான் வந்திருக்கிறார்” என்று எல்லாருக்கும் அறிவித்தார். அதற்குப் பிறகு கதவு திறந்தது. நான் கையைக் கொடுக்க அத்தான் இறங்கினார். ஒரு தலைப்பா இன்னொரு தலைப்பாவை இறக்குவதைக் கண்டதும்தான், கரையில் இறங்கியும் விடாமல் கூடவே வந்த அந்தச் சிங்கள அம்மா என் மற்றக் கையை விட்டார். அவருடைய முகத்தில் இருந்த கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் அவர் இரண்டு பேரின் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுத்தான் பேருந்தில் ஏறினார்.

நயினாதீவில் கரையிலிருந்து பந்தல் வரைக்கும் மேளகாரர் ஊதிக்கொண்டே ஓடினார்கள். ஓட்டத்தில் வாசிக்கிற இராகம் எது என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திராது. பந்தல் வாசலில் செம்புத் தண்ணீரோடு மாமா தயாராக நின்றார். நான் அத்தானின் காலைக் கழுவினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் மாமாவின் காலில் போனது. அத்தான் என் விரலில் மோதிரத்தைப் போடும்போது, “மச்சான், ஆறுதலா. மூச்சை விடும்” என்றார். ஐயர் மந்திரங்களைத் தனக்குத் தெரிந்த குறுக்கு வழியால் கொண்டுபோனார். முகூர்த்தம் முடிய ஒரு சில நிமிடங்கள் இருக்கத் தாலி ஏறியது.

கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி அக்காவைப் பிரியப்போகிற துக்கத்தில் அழுகிறான் என்று சனம் இரக்கப்பட்டது. நான் அழுதது தப்பினேன் என்ற சந்தோசத்தில். அக்கா தலையைக் குனிந்தபடியே கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, மணவறையிலேயே சிரித்துவிட்டாள். கலியாண அல்பத்தில் தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை பயந்துபோய் இருப்பார், பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பாயசத்தை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“உண்மையில, நீ மறந்தாலும் பரவாயில்லை. நான் காலமையே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா. நீதான் என்னைச் சிவப்பில போட்டு, வாழைமரத்தோட கட்டி வைச்சிட்டாய்.”

நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

கதை தீவுகளுக்குள் நிற்கவில்லை. கனடாவிலிருந்து ஊருக்கு வருகிற உறவுக்காரர்கள் என்னைக் கண்டதும் சுகம் விசாரிக்கமாட்டார்கள். ‘ஆர் அந்தக் கழுதை, பேரைச் சொல்லுங்கோ’ என்று தொடங்குவார்கள். அத்தானும் சளைத்தவர் அல்ல. நான் சரவணைக்குப் போனால், கடைக்குப் போவதற்கும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். “தோழன் வந்து முறையாக் கூப்பிடட்டும்” என்பார். அவருடைய பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகி, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடவும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள், பெண்ணின் ஊர் நாரந்தனை. பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். குடி இல்லை, சூது இல்லை, ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது என்று எவரோ இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சம்பந்தத்தைக் குழப்பவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், பெண்ணின் தம்பி கஜன் பட்டு வேட்டிப் பையோடும் தட்டத்தோடும் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றான். இரவு என் அறை வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தான். காலையில் நான் கண் திறந்தபோது, குளித்து, வேட்டி கட்டி, தலைப்பாவும் வைத்துக்கொண்டு என் கட்டில் தலைமாட்டில் இருந்தான்.

“தம்பி, வழமை காலமை வாறதெல்லே? நீர் ஏன் நேத்தே வந்தனீர்?”

“மாலதி அக்கா போன் எடுத்தவ, அத்தான்.”

“என்ன சொன்னவ?”

“கலியாண வேலையெல்லாம் தான் பாக்கிறாவாம். எனக்கு ஒரேயொரு வேலைதானாம். ‘மேளம் பிந்தினாலும் பரவாயில்லை, சாப்பாடு பிந்தினாலும் பரவாயில்லை, என்ர தம்பி மட்டும் பிந்தக்கூடாது. அவனை மறக்காமல் கூட்டிக்கொண்டு வாரும்’ எண்டு சொன்னவ.”

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் பல் விளக்கப் போனேன். கஜன் தட்டத்தையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.